பதிவேட்டில் எழுதப்பட்ட மனிதர்: கோலார் தங்கவயல் தமிழரும் வட்டாரப் படிமங்களும்

முன்னுரை

ஒரு வட்டாரத்திலிருந்து மற்றொரு வட்டாரத்திற்குப் பிழைப்புத் தேடிப் பெயர்வோர் தம் உடைமைகளோடு தம்மைப் பற்றிய பிறர் கருத்துகளையும் சுமந்து செல்கின்றனர். வடக்கிலிருந்து வருவோர் இன்ன தன்மையர், தெற்கிலிருந்து வருவோர் இன்ன தன்மையர் என்று அச்சில் வார்த்தாற்போல் நிலைபெற்றுவிடும் இக்கருத்துகளை இக்கட்டுரை ‘வார்ப்புப் படிமம்’ என்று குறிக்கிறது. அறிமுகமின்மையாலும் மொழி வேறுபாட்டாலும் இவை தோன்றுகின்றன என்பதும், பழகப் பழக மறைந்துவிடும் என்பதும் பொதுவாக நிலவும் எண்ணங்கள். கோலார் தங்கவயலின் வரலாறு இவ்வெண்ணத்தை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. அங்கு இப்படிமங்கள் வேலைப் பங்கீட்டின் கருவியாகிப் பதிவேடுகளில் இடம்பெற்றன. ஆகவே, வந்தவர்கள் அம்மண்ணின் மக்களாக ஏற்கப்படுவதும், தம் பெயர் பதிவேட்டில் எவ்வாறு எழுதப்படவேண்டும் என்பதற்கான நெடும் போராட்டமாக அமைந்தது. சுரங்கக் கம்பெனியின் பதிவேடு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பதிவேடு, மொழிவழி மாநிலத்தின் பதிவேடு ஆகிய மூன்றின் வழி இக்கருத்தை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பழமையும்

கோலார் தங்கவயல் இன்றைய கருநாடக மாநிலத்தின் தென்கிழக்கு ஓரத்தில், ஆந்திர, தமிழ்நாட்டு எல்லைகளுக்கு அண்மையில் உள்ளது. தொல்காப்பியப் பாயிரம் பாடிய பனம்பாரனார் தமிழ்கூறும் நல்லுலகின் வடவெல்லையாக வேங்கடத்தைக் குறித்தார். சங்க அகப்பாடல்களில் பொருள்வயிற் பிரியும் தலைவன் வேங்கடம் கடந்து செல்லும் நிலம் ‘மொழிபெயர் தேயம்’ எனப்பட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றோடொன்று கலக்கும் தங்கவயல் பகுதிக்கும் அச்சொல் பொருந்தக்கூடியதே.

கோலாரில் தமிழின் இருப்பு பழமையானது. சோழர் ஆட்சியில் இப்பகுதி நிகரிலிசோழ மண்டலத்துள் அடங்கியது. தமிழ்க் கல்வெட்டுகள் கோலாரைக் குவளாலம் என்று குறிக்கின்றன. கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பி. எல். ரைசு 1905-இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகாவின் கோலார் மாவட்டத் தொகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் பல இடம்பெற்றுள்ளன. தங்கவயல் தமிழரைப் பற்றிப் பேசும்போது நம்மவர் பெரும்பாலும் இச்சான்றுகளையே முதலில் எடுத்துக்காட்டுவர். எனினும், கல்வெட்டை வெட்டுவித்த அரசின் தமிழுக்கும், எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் சுரங்கத்துள் இறங்கிய கூலித் தொழிலாளியின் தமிழுக்கும் இடையே நேரான தொடர்ச்சி இல்லை. முன்னது வென்றவரின் மொழி. பின்னது பஞ்சம் பிழைக்க வந்தவரின் மொழி. பின்னவரின் உரிமையை முன்னவரின் பழமைகொண்டு நிலைநாட்ட முயல்வது, அவர்தம் சொந்த வரலாற்றை மறைத்துவிடும் இடர்ப்பாட்டை உடையது.

சுரங்கமும் வருகையும்

1802-இல் நில அளவைப் பணிக்கு வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் இப்பகுதியில் பொன் இருப்பதைப் பதிவு செய்தார். அவருடைய குறிப்பைப் பின்பற்றி வந்த லாவல் என்னும் அயர்லாந்துக்காரர் 1875-இல் மைசூர் அரசிடமிருந்து சுரங்க உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி மேலாண்மைப் பொறுப்பேற்றது. அடுத்த சில ஆண்டுகளில் வளமான பொற்படுகை கண்டறியப்பட்டதும் மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் எனச் சுரங்கங்கள் பெருகின. இவற்றுள் தென்பகுதியில், மாரிக்குப்பத்தை அடுத்து அமைந்தது மைசூர் சுரங்கம். அதனைச் சூழ்ந்த குடியிருப்பே மக்கள் வழக்கில் ‘மைசூர் மைன்ஸ்’ எனப்படுகிறது. ஒரு கம்பெனியின் பெயர் ஊர்ப்பெயராகிவிட்ட இதுவே தங்கவயலின் தன்மையைச் சுருங்க உணர்த்துவதாகும்.

1891-இல் 7,085 ஆக இருந்த தங்கவயலின் மக்கள்தொகை 1901-இல் 38,204 ஆயிற்று. சுரங்கத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தின் வடஆர்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து வந்த ஆதிதிராவிடர். 1876–78-ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் அம்மாவட்டங்களின் நிலமற்ற மக்களை நிலைகுலையச் செய்திருந்தது. சோலார்ப்பேட்டை வழியாகச் சென்ற இருப்புப்பாதையும், 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை இடப்பட்ட கிளைப்பாதையும் பயணத்தை எளிதாக்கின.

இப்பெயர்ச்சியை ‘தாயகம் நீங்கி அயல்நிலம் புகுதல்’ என்னும் வழக்கமான சட்டகத்துள் அடக்குதல் பொருந்தாது. வந்தவர்களுக்குத் தம் சொந்த ஊரே முழு ஏற்பினை வழங்கியிருக்கவில்லை. ஊருக்கும் சேரிக்கும் இடையே இருந்த எல்லை ஒரே மொழி பேசியோருக்கு இடையே நின்ற எல்லையாகும். பண்ணையாளாக வாழ்ந்தவருக்குச் சென்னை மாகாணத்தையும் மைசூர் சமத்தானத்தையும் பிரித்த எல்லையைக் கடப்பது, அந்த ஊரெல்லையைக் கடப்பதைவிட எளிதாக இருந்தது. பணமாகக் கிடைத்த கூலி, பண்ணை முறையிலிருந்து விடுபடுதற்குரிய வழியுமாயிற்று.

முதற் பதிவேடு: கம்பெனியின் வகைப்பாடு

சுரங்கக் கம்பெனி தொழிலாளரை அவரவர் பிறந்த வட்டாரத்தைக்கொண்டு வகைப்படுத்தியது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியினர் தொழில்நுட்பம் அறிந்த சுரங்கத்தார் எனப்பட்டு மேற்பார்வைப் பணிகளில் அமர்ந்தனர். இத்தாலியரும் ஆங்கிலோ இந்தியரும் அவருக்கு அடுத்த நிலைகளில் இருந்தனர். காவல் பணிக்குப் பஞ்சாபியர் வரவழைக்கப்பட்டனர். நிலத்தடியில் பாறை துளைத்தும் கல் சுமந்தும் உழைக்கும் பணி பெரும்பாலும் தமிழ் ஆதிதிராவிடருடையதாயிற்று.

இவ்வடுக்கில் வடக்கும் தெற்கும் எதிரெதிராக நிறுத்தப்பட்ட முறை கருதத்தக்கது. பஞ்சாபியர் ‘போர்க்குடியினர்’ என்னும் படிமம் 1857-க்குப் பிந்தைய ஆங்கிலேயப் படைச் சேர்ப்பில் உருவாகி வளர்ந்தது. சுரங்க வாயிலிலும் அதுவே பயன்பட்டது. தொழிலாளரின் மொழியை அறியாமையும் அவரோடு உறவுத் தொடர்பு இல்லாமையுமே அக்காவலரின் தகுதிகளாயின எனக் கருதலாம். வழக்கமாகப் பெயர்ந்து செல்வோருக்குக் குறையாகக் கருதப்படும் அயன்மை இங்கு வேண்டப்பட்ட பண்பாக இருந்தது. காவலருக்கும் தொழிலாளருக்கும் இடையே நெருக்கம் உண்டாகாமல் இருப்பதே கம்பெனிக்கு நலம் பயப்பதாகும். ஆகவே, அப்பஞ்சாபியரும் தம்மீது சுமத்தப்பட்ட படிமத்துள் அடைபட்டவர்களே.

மறுபுறம், நிலத்தடித் தொழிலாளி ‘பொன் திருடக்கூடியவன்’ என்னும் முன்முடிவோடு அணுகப்பட்டான். 1897-ஆம் ஆண்டின் மைசூர்ச் சுரங்க ஒழுங்குவிதி, கணக்குக் காட்ட இயலாத சுரங்கப் பொருளை வைத்திருத்தலையே குற்றமாக்கியது. குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு குற்றஞ்சாட்டுவோரைச் சார்ந்தது என்பது பொதுநெறி. இங்கோ, குற்றமற்றவன் எனக் காட்டவேண்டிய பொறுப்பு தொழிலாளியைச் சார்ந்தது. பணி முடிந்து மேலே வருவோர் உடற்சோதனைக்கு உட்பட்டனர். ஒரு வட்டாரத்து மக்களைப் பற்றிய ஐயம் இவ்வாறு சட்டத்தின் துணையோடு அன்றாட நடைமுறையாயிற்று.

ஒரு பெயர், இரு மக்கள்

இதே காலத்தில் மைசூர் சமத்தானத்தில் ‘மதராசி’ என்னும் சொல் வேறொரு பொருளில் வழங்கியது. 1881-இல் ஆட்சி மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டபின், திவான் பதவியிலும் உயர் அலுவல்களிலும் சென்னை மாகாணத்திலிருந்து வந்த படித்த வகுப்பினர் மிகுதியாக இடம்பெற்றனர். 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த கு. சேஷாத்திரி ஐயர் அவருள் தலையாயவர். இந்நிலைக்கு எதிராக ‘மைசூர் மைசூரியருக்கே’ என்னும் முழக்கம் எழுந்தது. அம்முழக்கம் உருவாக்கிய மதராசிப் படிமம், அலுவலகத்தைக் கைப்பற்றிக்கொண்ட சூழ்ச்சித்திறம் மிக்க அயலானைக் காட்டுவதாகும்.

சேஷாத்திரி ஐயர் முனைந்து தொடங்கிய சிவசமுத்திர நீர்மின் திட்டத்தின் முதற் பயன் தங்கவயலுக்கே கிடைத்தது. 1902 சூனில் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து மின்சாரம் சுரங்கங்களை வந்தடைந்தது. அம்மின்சாரத்தை வரவழைத்த திவானும், அதனால் இயங்கிய சுரங்கத்துள் உழைத்த தொழிலாளியும் ஒரே மாகாணத்திலிருந்து வந்தவர்கள். ‘மதராசி’ என்னும் ஒரே சொல்லுக்குள் இருவரும் அடங்கினர். ஆனால் அவ்விருவரிடையே சாதியாலும் செல்வத்தாலும் கல்வியாலும் இருந்த தொலைவு, மைசூருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தொலைவினும் பெரிது. மேலிருந்தவரைக் குறித்த சினம் கீழிருந்தவர்மீதும் விழ வார்ப்புப் படிமம் வழிசெய்கிறது. 1966-இல் தோன்றிய சிவசேனை தன் தொடக்க ஆண்டுகளில் மும்பையில் தென்னிந்தியரை எதிர்த்தபோதும், அலுவலக எழுத்தரையும் தாராவித் தோல் தொழிலாளியையும் இச்சொல்லே ஒன்றாகக் கட்டியது என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இரண்டாம் பதிவேடு: தாமே இட்டுக்கொண்ட பெயர்

பிறர் இட்ட பெயரை ஏற்க மறுத்துத் தமக்குரிய பெயரைத் தாமே தெரிந்துகொள்ளும் முயற்சி தங்கவயலில் பௌத்தத்தின் வழியாக வெளிப்பட்டது. க. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) 1898-இல் தோற்றுவித்த தென்னிந்திய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் இயங்கின. அவர் 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ், அடுத்த ஆண்டு முதல் ‘தமிழன்’ என்னும் பெயரில் வெளிவந்தது. தங்கவயல் தொழிலாளர் அவ்விதழின் வாசகர்களாகவும் புரவலர்களாகவும் விளங்கினர்.

1911-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை முன்னிட்டு, தாழ்த்தப்பட்டோர் தம்மைச் சாதிப்பெயரால் பதிவு செய்யாமல் பௌத்தர் என்றும் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பதிவு செய்யவேண்டும் என அயோத்திதாசர் வலியுறுத்தினார். ஊரில் சாதிப்பெயரும் சுரங்கத்தில் கூலிப்பெயரும் பெற்றிருந்த மக்களுக்குக் கணக்கெடுப்பு மூன்றாவது வாய்ப்பாக அமைந்தது. அங்கு விடை சொல்பவர் அவரே. ‘தமிழன்’ என்னும் பெயர் இங்குப் பெறும் பொருளும் நோக்கத்தக்கது. மைசூர் சமத்தானத்தார் அயலவனைச் சுட்டப் பயன்படுத்திய பெயரை, சாதி நீங்கிய மனிதனைச் சுட்டும் பெயராக இவ்விதழ் மாற்றியது.

அயோத்திதாசர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ 1926 முதல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக்கொண்டு வெளிவந்தது. தங்கவயலின் சித்தார்த்தப் புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. சுயமரியாதை இயக்கமும் இங்கு வேரூன்றியது. சென்னையில் தோன்றிய சிந்தனை மரபொன்று மைசூர் சமத்தானத்தின் சுரங்க நகரில் பேணப்பட்டு மீண்டும் தமிழ்நாட்டுக்கு வழங்கப்பட்டது. அயோத்திதாசர் ஆய்வுகள் 1990-களுக்குப் பின் நம் பல்கலைக்கழகங்களில் வளர்ந்திருப்பதற்குத் தங்கவயல் தொழிலாளரின் இப்பேணுதலும் ஒரு காரணம். தமிழ் ஆய்வுலகம் அவர்களுக்குக் கடன்பட்டுள்ளது.

கைரேகை: 1930

தொழிலாளரின் கைரேகையைப் பதிந்து வைத்துக்கொள்ளும் முறையைச் சுரங்க மேலாண்மை 1930-இல் புகுத்த முற்பட்டபோது வேலைநிறுத்தம் வெடித்தது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் சுரங்கங்கள் செயலற்றுக் கிடந்தன. முன்னின்று நடத்திய சங்கமோ, வெளிப்படையாக அறியப்பட்ட தலைவரோ இன்றி அது நிகழ்ந்தது. பஞ்சாபியர் காவல்மீதான வெறுப்பும் அப்போது வெளிப்பட்டது.

கூலி உயர்வைக் காட்டிலும் கைரேகையே இத்துணைப் பெரிய எதிர்ப்பினை எழுப்பியது ஏன் என்னும் வினா இயல்பானது. கைரேகைப் பதிவு அன்று குற்றவாளிகளோடு தொடர்புபடுத்தி அறியப்பட்ட முறை. பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த ‘பொன் திருடக்கூடியவன்’ என்னும் படிமம், இப்போது ஒவ்வொருவரின் உடலடையாளத்தோடும் பிணைக்கப்பட இருந்தது. கணக்கெடுப்பில் தம் பெயரைத் தாமே தெரிந்துகொள்ளக் கற்ற மக்கள், பெயருக்கு மாற்றாக விரலடையாளமாகப் பதிவாவதை எதிர்த்தனர் என்று இதனைக் கொள்வது பொருந்தும். பின்னர் 1940-களில் கே. எஸ். வாசன், வி. எம். கோவிந்தன் போன்ற பொதுவுடைமை இயக்கத்தினரின் தலைமையில் தொழிற்சங்கம் வலுப்பெற்றது. தமிழரோடு பிறமொழித் தொழிலாளரும் அச்சங்கத்துள் ஒன்றாக நின்றனர். வட்டாரப் படிமத்தைக் குறைத்த ஆற்றல்களுள் இதனினும் வலியது தங்கவயலில் வேறில்லை எனலாம். நிலத்தடியில் பாறை வெடித்துச் சிதறும்போது அது மொழி பார்ப்பதில்லை என்பதை அங்குள்ளோர் அனைவரும் அறிந்திருந்தனர்.

மூன்றாம் பதிவேடு: மொழிவழி மாநிலம்

1956 தங்கவயலுக்கு இருவகையில் திருப்புமுனை. அவ்வாண்டில் சுரங்கங்கள் மைசூர் அரசுடைமையாயின. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழித் திருத்தியமைக்கப்பட்டபோது கோலார் மாவட்டம் மைசூர் மாநிலத்தில் நிலைபெற்றது. அதுவரை தொழிலால் அறியப்பட்டவர்கள் இனி மொழிச் சிறுபான்மையினராக அறியப்படலாயினர்.

கன்னட மக்களின் தரப்பையும் நடுநிலையோடு காணவேண்டும். தம் மாநிலத்தின் பெருந்தொழில் நகரொன்றில் தம் மொழி சிறுபான்மை மொழியாக இருப்பதை அவர்கள் கண்டனர். ஆங்கிலேயக் கம்பெனியின் ஆள்சேர்ப்பு முறையால் விளைந்த அந்நிலை, காலப்போக்கில் தமிழரின் ஆக்கிரமிப்பாக உணரப்பட்டது. வி. கே. கோகாக் தலைமையிலான குழு கன்னடத்தை உயர்நிலைப் பள்ளிகளின் ஒரே முதல்மொழியாக்கப் பரிந்துரைத்ததும், அதனை நிறைவேற்றக்கோரி 1982-இல் எழுந்த பெருங்கிளர்ச்சியும் தமிழ்வழிக் கல்வி பயின்றோரிடம் அச்சத்தை விளைத்தன. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையைத் தொடர்ந்து 1991 திசம்பரில் பெங்களூரிலும் பிற இடங்களிலும் தமிழர்மீது நிகழ்ந்த வன்முறை அவ்வச்சத்தை மேலும் ஆழமாக்கியது.

இதே காலத்தில் ஏற்பின் அடையாளங்களும் இல்லாமலில்லை. தங்கவயல் சட்டமன்றத் தொகுதியிலிருந்து இந்தியக் குடியரசுக் கட்சியினரும் பொதுவுடைமைக் கட்சியினரும் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் கருநாடகச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1991-இல் அமைக்கப்பட்டுத் திறக்கப்படாமல் மூடிக்கிடந்த பெங்களூர்த் திருவள்ளுவர் சிலை 2009 ஆகத்து 9-இல் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் இவை இரு அரசுகளுக்கு இடையிலான இணக்கம். தொழிலாளியின் வீட்டுவாயில் வரை அவ்விணக்கம் எட்டியதா என்பது வேறு வினா.

சுரங்கம் மூடியபின்

3,000 மீட்டருக்கும் கீழே சென்று, உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது சாம்பியன் ரீப். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன்னைத் தந்த இச்சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அன்றுமுதல் விடியற்காலைத் தொடர்வண்டிகள் மாரிக்குப்பத்திலிருந்து ஆயிரக்கணக்கானோரைப் பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிச்சென்று இரவில் திரும்பக் கொணர்கின்றன. பாட்டன் நிலத்துள் செங்குத்தாகச் சென்று மீண்டான். பெயரன் நிலத்தின்மேல் நெடுந்தொலைவு சென்று மீள்கிறான்.

இப்பயணிகள் இரட்டை அயன்மைக்கு ஆளாகின்றனர். பெங்களூரில் அவர்கள் பேசும் கன்னடத்தில் தமிழ் ஒலிப்பதாகச் சுட்டப்படுகின்றனர். திருப்பத்தூருக்கோ குடியாத்தத்திற்கோ உறவினர் வீட்டு மணவிழாவிற்குச் சென்றால் அவர்களுடைய தமிழில் கன்னடம் ஒலிப்பதாகச் சுட்டப்படுகின்றனர். நான்கு தலைமுறைகள் வாழ்ந்த மண்ணில் வந்தேறிகளாகவும், மூதாதையர் மண்ணில் வெளியூராராகவும் கருதப்படுவோரின் சொந்த ஊர் எது? அவர்கள் தரும் விடை தெளிவானது: தங்கவயலே அவர்தம் ஊர். தாம் வாழும் கம்பெனி வீடுகள் தமக்கே உரிமையாகவேண்டும் என்னும் அவர்தம் கோரிக்கையின் அடிப்படையும் அதுவே. சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுக்கும் நடுவண் அரசின் திட்டத்திற்குக் கருநாடக அரசு 2024 சூனில் இசைவளித்தது. அம்மேடுகளுக்குப் பொன்மதிப்பு கணக்கிடப்படும் இவ்வேளையில், அவற்றை உருவாக்கிய உழைப்பின் மதிப்பும் கணக்கில் கொள்ளப்படவேண்டும்.

முடிவுரை

தங்கவயல் வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் இரண்டு. முதலாவது, வட்டாரப் படிமங்கள் மக்களின் அறியாமையில் தோன்றினும், அவற்றை நிலைக்கச் செய்வது வேலையையும் கூலியையும் பங்கிடும் அமைப்பே. அறிமுகத்தால் மட்டும் அவை மறைவதில்லை. இரண்டாவது, ஏற்பு என்பது வந்தவருக்கு இருப்பவர் வழங்கும் கொடையாக மட்டும் தங்கவயலில் நிகழவில்லை. இதழ், சங்கம், தொழிற்சங்கம் ஆகியவற்றின் வழி வந்தவர்கள் தாமே அதனை ஈட்டினர். ஒரு மண்ணின் மீதான உரிமைக்குச் சோழர் கல்வெட்டைக் காட்டிலும் இவ்வுழைப்பே வலிய சான்று.

இம்முடிவுகள் இன்று தமிழ்நாட்டை நோக்கியும் ஒரு வினாவை எழுப்புகின்றன. பீகார், உத்தரப்பிரதேசம், ஒடிசா, சார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் இன்று நம் நூற்பாலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் உழைக்கின்றனர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, பீகார் அரசு தன் அலுவலர் குழுவை அனுப்பி நிலையை அறிந்தது. செய்தி பொய்யாயினும் அச்சம் மெய்யாக இருந்தது. ‘வடக்கன்’ என்று நாம் சுட்டும்போது, ஆலை உரிமையாளரையும் மூட்டை சுமப்பவரையும் ஒரே சொல்லுக்குள் அடக்குகிறோம். ‘மதராசி’ என்னும் சொல் முன்பு செய்ததும் இதுவே. வாயிலில் அவர்கள் பெயர் எவ்வாறு எழுதப்படுகிறது, எந்த வேலைக்கு எதிரே எழுதப்படுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். மைசூர் மைன்ஸ் தொழிலாளரின் வரலாற்றைத் தம் வரலாறாகக் கொள்ளும் தமிழருக்கு அக்கடமை கூடுதலாக உண்டு.